கேமரா நின்ற இடம்

படுத்திருக்கிறவனுக்குக் கழுத்து வலிக்காமல் டிவி தெரிய வேண்டுமென்றால் அதை எந்த உயரத்தில் மாட்டுவது? அந்தச் சனிக்கிழமை காலை முழுக்க மணவாளனுக்கு அதுதான் வேலை. சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கட்டில் ஓரம் வந்து அன்பரசுவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு எழுந்துபோய்க் கோட்டை அழிப்பார்.

"இன்னும் கொஞ்சம் எறக்கு மச்சான். இப்பிடி வெச்சா கோபுரத்த அண்ணாந்து பாக்குற மாதிரி இருக்குது."

"சும்மா கெட மாப்ள. செவுரு உள்ள எல்லாம் பொக்கையா கெடக்குது. ஆணி நிக்க மாட்டேங்குது."

"மாடி மாடியா முட்டுக் குடுத்த ஆளு, ஒரு ஆணிக்கு மூச்சு வாங்குது பாரு. இதையெல்லாம் எவனும் படம் புடிக்க மாட்டான்."

அன்பரசு சிரித்தான். சிரிக்கும்போது அவன் உடம்பு இடுப்பு வரைதான் குலுங்கும். அதற்குக் கீழே போர்த்தியிருந்த பச்சைத் துப்பட்டி மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கும். மணவாளன் அந்தப் பக்கம் பார்க்காமல் சுத்தியலை ஓங்கினார்.

கடலூர் செம்மண்டலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற சந்தில், நடுச்சுவர் ஒன்றைப் பொதுவாக வைத்துக் கட்டிய இரண்டு வீடுகள் அவை. ஒன்றில் மணவாளனும் அவர் மனைவி மாலதியும் இருந்தார்கள். மற்றதில் அவருடைய தங்கை அமிர்தம், அவள் புருஷன் அன்பரசு, நாலாவது படிக்கிற மகள் அருள்மொழி. மணவாளன் சென்ட்ரிங் மேஸ்திரி. அன்பரசு கான்கிரீட் போடுகிற ஆள். அண்ணன் முட்டுக் கொடுத்த தளத்தின் மேல் புருஷன் நின்று வேலை செய்கிறான் என்பதில் அமிர்தத்துக்கு ஒரு நிம்மதி இருந்தது. "எங்க அண்ணன் கட்டுன முட்டு, யானைய ஏத்தலாம்" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்லுவாள்.

சென்ட்ரிங் என்பது காணாமல் போகிற வேலை. கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், அந்தப் பாரத்தைத் தாங்க அடியில் தகரம் போட்டு வரிசையாக முட்டுக் கொடுக்க வேண்டும். கான்கிரீட் இறுகினதும் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பூசினவன் சுவரைக் காட்டலாம், பெயின்ட் அடித்தவன் வண்ணத்தைக் காட்டலாம். முட்டுக் கொடுத்தவன் எதைக் காட்டுவான்? வயது ஐம்பதைத் தாண்டியும் மணவாளனுக்கு இந்தக் குறை மனசில் இருந்தது. அதனால்தான் டிவிக்காரர்கள் வந்தபோது அவர் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார்.

வந்தவர்கள் குழந்தைகளுக்கான கல்வி சேனல் ஒன்றைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'எப்படி எப்படி' என்றொரு நிகழ்ச்சி. சோப்பு எப்படிச் செய்கிறார்கள், ரயில் எப்படித் தடம் மாறுகிறது, இந்த மாதிரி. ஸ்ரீமதி என்கிற பெண் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து பேசுவாள். அவளோடு சிங்காரம் என்று ஒரு பொம்மை, வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வரும். அருள்மொழி ஒரு வாரமும் விட்டதில்லை. இந்தத் தடவை உயரமான கட்டடம் எப்படி எழும்புகிறது என்று காட்டுவதற்காக, சிதம்பரத்தில் அண்ணாமலை நகரை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த ஒன்பது மாடிக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மணவாளன் ஆட்கள் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நிகழ்ச்சியை எடுத்தவர் செந்தமிழ்செல்வன், சிதம்பரத்துக்காரர். மரியாதையான மனிதர். டீ வந்தால் முதலில் வேலையாட்களுக்குக் கொடுக்கச் சொல்லுவார்.

"மாமா, சிங்காரம் உன்ன மேஸ்திரின்னு கூப்புடுமா, மாமான்னு கூப்புடுமா?" என்று அருள்மொழி அப்போது கேட்டாள்.

"சாருன்னு கூப்புடும்" என்றார் மணவாளன்.

கான்கிரீட் போடுகிற நாளில் அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் ஒரு பழக்கம் உண்டு. முதல் சட்டி கான்கிரீட் விழுவதற்கு முன்னால் தளத்தின் ஈசானிய மூலையில் ஒரு கோழியை அறுத்து நாலு சொட்டு ரத்தம் விடுவார்கள். கோழி மத்தியானக் குழம்புக்குப் போகும். இந்தக் கட்டடத்தில் ஐந்து தளத்துக்கும் கோழி போனது அமிர்தத்தின் வீட்டிலிருந்துதான். அவள் பின்பக்கம் நாலைந்து வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது தளத்துக்கு முந்தின நாள் செந்தமிழ்செல்வன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கொழந்தைங்க பாக்குற நிகழ்ச்சி மேஸ்திரி. ஒரு மூலையில ரத்தம் தெரிஞ்சாகூட எங்க ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்க. நாங்க கெளம்பினதும் செஞ்சுக்கங்களேன்."

மணவாளன் வீட்டுக்கு வந்து சொன்னபோது அமிர்தம் கோழியைக் கூடைக்குள் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இங்கயே கெடக்கட்டும்ண்ணா. வேன்ல எதுக்குத் தூக்கிக்கினு போயி சங்கடப்படணும். மறுநாளு எடுத்துக்கினு போ" என்று சொல்லிக் கூடையைத் திறந்துவிட்டாள். கோழி வெளியே வந்து இறக்கையை உதறிக்கொண்டு போயிற்று.

மறுநாள் ஆறாவது தளத்தின் ஒரு மூலை கான்கிரீட்டோடு கீழே இறங்கியது. மற்ற ஆட்கள் ஓரத்தில் இருந்தார்கள். அந்த மூலையில் நின்று கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருந்த அன்பரசு, தகரத்தோடும் கம்பியோடும் ஐந்தாவது தளத்துக்கு வந்து விழுந்தான்.

ஆவணி மாதம் அது. இப்போது கார்த்திகை. அன்பரசு உயிர் பிழைத்தான். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நரம்பு முழுசாக அறுந்துபோகவில்லை, காலில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, வாரம் தவறாமல் பயிற்சிக்கு அழைத்து வர வேண்டும், வீட்டிலும் தினமும் கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும், முதல் சில மாதங்கள்தான் முக்கியம், விட்டுவிட்டால் பிறகு கால் அப்படியே மரத்துப்போகும் என்று. அமிர்தம் ஆரம்பத்தில் இரண்டு வாரம் அழைத்துப் போனாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினதற்குக் காரணம் கோழி. விழுந்த அன்றைக்கே கட்டடத்தில், "காவு குடுக்காத குத்தம்" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு வேலையாட்களோடு வேன் ஏறிச் செம்மண்டலம் வரை வந்தது. அமிர்தம் குறிஞ்சிப்பாடிக்குப் போய்க் குறி கேட்டாள். குறி சொன்னவள், கேட்ட ரத்தம் அந்த இடத்திலேயே விழுகிறவரைக்கும் காலை வேறு யார் கையிலும் கொடுக்காதே, கொடுத்தால் இருக்கிறதும் போகும் என்று சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து அமிர்தம் புருஷன் காலை யாரையும் தொட விடவில்லை. குளிப்பாட்டும்போதுகூட தண்ணீரைத் தானே ஊற்றி, துடைக்காமல் காய விட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் செருப்பில்லாமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கூடையில் ஒரு கோழியோடு சிதம்பரம் பஸ் ஏறினாள்.

கூடவே மணவாளனும் போனார்.

டிவி மாட்டுவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமையும் போயிருந்தார்கள். விடாத மழை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கட்டடத்துக்குப் போகிற வழியெல்லாம் செம்மண் கரைந்து கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பிறகு வேலை நிறுத்தப்பட்டு, இரும்பு கேட்டில் சங்கிலி போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் அந்தோணிசாமி தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"எம்மா, நீ வர்றதும் நான் இல்லன்றதும் நமக்கே அலுத்துப்போச்சு. ஏம்மா இந்த மழையில?"

"ஒரே ஒரு சொட்டுண்ணே. நான் மேல வரல. நீயே எடுத்துக்கினு போயி அந்த எடத்துல அறுத்துடு. கோழிய நீயே கொழம்பு வெச்சிக்க."

"எனக்குக் கோழி ஒத்துக்காது, சூடு. ஆறு மாடி ஏற முட்டியும் இல்ல. அதுவும் இல்லாம எவனாவது பாத்தான்னா எம் பொழப்புப் போயிடும்மா. சாவியே எங்கிட்ட இல்லன்னு சொன்னா நம்பு." பிறகு மணவாளனைப் பார்த்தார். "மேஸ்திரி, நீயாவது எடுத்துச் சொல்லப்பிடாதா?"

மணவாளன் குடையைத் தங்கையின் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அமிர்தம் கேட்டின் கம்பி வழியாக மேலே பார்த்தாள். ஆறாவது தளத்தின் ஓரத்தில் முறுக்கேறின கம்பிகள் மழையில் தொங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் தகரம் இறங்கவில்லை. சாரல் அடித்தது. கோழிக்கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார் மணவாளன். ஆலப்பாக்கம் தாண்டினதும் இரண்டு பக்கமும் நடவு முங்கி வெறும் தண்ணீராகக் கிடந்தது.

"ஒரு டீயாவது குடி அமிர்தம். ஒதடெல்லாம் வெளுத்துப்போச்சு."

"வீட்டுக்குப் போயி வெளக்கேத்திட்டுக் குடிக்கிறேன்." கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "அன்னிக்கி நான் மட்டும் வாய மூடிக்கினு இருந்திருந்தா நீ கோழிய எடுத்துக்கினுதான் போயிருப்ப. அவுங்க வர்றதுக்கு முன்னாலயே ஒரு ஓரமா முடிச்சிருப்ப. இங்கயே கெடக்கட்டும்னு சொன்னது நானு. எந்த வாயால சொன்னனோ தெரியல."

"அத வுடு."

"எப்பிடிண்ணா வுடுறது? தெனம் அவரு மொகத்த நான்தான பாக்குறேன்?"

கூடைக்குள் கோழி அசைந்தது. மணவாளன் துண்டை எடுத்து அதன் மேல் போட்டார்.

அவருக்கு நடந்தது தெரியும். அன்றைக்குக் கான்கிரீட் வண்டி வருவதற்கு முன்னால் செந்தமிழ்செல்வன் தளத்தின் அடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "மேல பாரம் எறங்குறப்ப அடியில எது தாங்குதுன்னு பசங்களுக்குக் காட்டணும் மேஸ்திரி. இத யாருமே காட்டுனதில்ல" என்றார். கான்கிரீட் விழும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது என்று மணவாளன் சொன்னார். ஆள் வேண்டாம், கேமராவை மட்டும் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறோம், ஆனால் இந்த இரண்டு முட்டு மட்டும் முன்னால் நின்று மறைக்கிறது என்றார் அவர். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் வற்புறுத்தியிருக்க மாட்டார். மணவாளன் சொல்லவில்லை. தன் முட்டு வரிசையை, அடியிலிருந்து, அருள்மொழி டிவியில் பார்ப்பதை நினைத்துக்கொண்டார். ஆளைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பான் என்பதால் தானே இரண்டு முட்டுகளையும் தளர்த்தி எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். கான்கிரீட் அந்த மூலைக்கு வருவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்பது கணக்கு. மேலே கம்பி விலகிவிட்டதென்று கூப்பிட்டார்கள். போனார். பம்பின் குழாயை எதிர்ப்பக்கத்தில் ஆரம்பிக்காமல் இந்தப் பக்கமே ஆரம்பித்துவிட்டார்கள்.

இது தெரிந்த இன்னொருத்தி மாலதி. சனிக்கிழமை டிவி மாட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் செந்தமிழ்செல்வனிடமிருந்து போன் வந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு ஒளிபரப்பு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரி, அந்த அடியில எடுத்தது எதுவும் வராது. எல்லாத்தையும் வெட்டிட்டோம். அந்த எடத்துல கார்ட்டூன் போட்டிருக்கோம். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. எனக்கும் தூக்கம் இல்ல மேஸ்திரி."

மணவாளன் சரிங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் மாலதி.

"ஒண்ணும் தெரியாதாம். வெட்டிட்டாங்களாம்."

"அப்ப முடிஞ்சிபோச்சுல்ல. நீங்களும் வாயத் தொறக்காதீங்க."

"அவன் காலு போயிடும் மாலதி. அவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ மாட்டேங்குறா. கோழி கோழின்னு கெடக்குறா."

"நீங்க சொன்னா போன காலு வந்துடுமா?" மீன் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே பேசினாள். "நடுவுல ஒரு செவுரு. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் கேக்குது. சொல்லிட்டு எந்த மொகத்த வெச்சிக்கினு இங்க குடியிருக்கிறது? மொதல்ல என்னய வேற எங்கயாவது இட்டுக்கினு போங்க, அப்புறமா சொல்லுங்க."

மணவாளன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அருள்மொழி, "நாளைக்கு நம்ம பில்டிங்கு, நாளைக்கு நம்ம பில்டிங்கு" என்று பாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை நிற்கவில்லை. சந்திலிருந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஈரக்காலோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அமிர்தம் எல்லோருக்கும் தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தாள். அன்பரசுவுக்குத் தலையணையை உயர்த்தி, தலை சீவிவிட்டிருந்தாள். மணவாளன் கதவோரம் நின்றார்.

"உக்காரு மச்சான். நீதான் ஹீரோ."

"இருக்கட்டும் மாப்ள."

நிகழ்ச்சி நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஸ்ரீமதி பள்ளத்துக்குள் இறங்கி அஸ்திவாரம் காட்டினாள். சிங்காரம் இந்த வாரம் செங்கல் வேஷம். "அக்கா, நான் ஒரே ஆளு மேல மேல ஏறிக்கினே போனா வானத்துக்குப் போயிடுவேனா?" என்று கேட்டது. தூண்கள் எழும்புவதை வேகமாக ஓட்டிக் காட்டினார்கள். மழைக்கு முந்தின அந்த வெயிலில் கட்டடம் பளிச்சென்று நின்றது. திடீரென்று அன்பரசு திரையில் வந்தான். முழங்கால் வரை கான்கிரீட் அப்பின பூட்ஸோடு நின்று, "இது ஆறிப்போறதுக்குள்ள வேல முடிக்கணும் தங்கச்சி, தோச மாவு மாதிரி" என்றான். பிள்ளைகள் கத்தினார்கள். கட்டிலில் கிடந்த அன்பரசு வாயைப் பொத்திக்கொண்டான்.

"நிக்கிறத பாரு" என்றான் மெல்ல. "எப்பிடி நிக்கிறேன் பாரு அமிர்தம்."

அமிர்தம் கேட்கவில்லை. திரைக்கு மிக அருகில் போய் நின்றிருந்தாள். அன்பரசுவுக்குப் பின்னால் தளத்தின் மூலை தெரிந்தது. "பாருண்ணா, ஈசானிய மூல. தொடச்சி வெச்ச மாதிரி கெடக்குது. ஒரு பொட்டு இல்ல" என்றாள்.

அடுத்து ஸ்ரீமதி நாலு டம்ளரைக் கவிழ்த்து, மேலே ஒரு சிலேட்டை வைத்து, அதன் மேல் மணலைக் குவித்தாள். இதுதான் தளம், இதுதான் முட்டு, முட்டு எல்லாம் இருக்கிறவரைக்கும் பயமில்லை என்றாள். சிங்காரம் மணலின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் ஒரு டம்ளரை உருவினாள். சிலேட்டு சாய்ந்து சிங்காரம் தலைகீழாக விழுந்து, "ஐயோ எம் மூக்கு!" என்றது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அன்பரசுவும் சிரித்தான். அதன் பிறகு கார்ட்டூன். வரைந்த தளம், வரைந்த முட்டுகள், ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாக. மணவாளன் அதை எண்ணாமலே பார்த்தார். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிள்ளைகள் எழுந்து மழைக்குள் ஓடினார்கள். அமிர்தம் டிவியை நிறுத்திவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்கு இரண்டு கோழியாக எடுத்துப் போகலாமா, ஒன்றைக் கேட்டுக்கு வெளியிலேயே அறுத்தால் ஆகாதா என்று கேட்டாள்.

"கோழி இல்ல அமிர்தம்."

"இருக்குது. வளந்தது மூணு நிக்குது."

"அதில்ல. நடந்ததுக்குக் கோழி காரணம் இல்ல. அடியில குடுத்த ரெண்டு முட்ட எடுத்துட்டேன். கேமரா வெக்கிறதுக்கு. நான்தான் எடுத்தேன்."

அமிர்தம் அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. அண்ணன்மேல் இரக்கம்தான் வந்தது. "போண்ணா. நான் சோறு திங்காம கெடக்குறேன்னு எனக்காவச் சொல்ற. நீயாவது, முட்ட எடுக்கிறதாவது."

"சத்தியமா."

"சத்தியம்லாம் பண்ணாத. ஏற்கெனவே பட்டது போதும்."

மணவாளன் சமையல்கட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் நாலு டம்ளரும் தாம்பாளமும் அரிசி டப்பாவும் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி டம்ளரைக் கவிழ்த்தார். தாம்பாளத்தை வைத்தார். அரிசியைக் கொட்டினார். கொஞ்சம் வெளியே சிந்தியது. அருள்மொழி விளையாட்டு என்று நினைத்து ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது மூணாவது தூணு ஓரத்து முட்டு" என்றார். "இங்கதான் கேமரா நின்னுச்சு. அதுக்கு நேர் மேல மாப்ள நின்னான்." டம்ளரை உருவினார்.

அரிசி தரையெல்லாம் ஓடியது. தாம்பாளம் சுழன்று ஓசை அடங்கியது. அருள்மொழி சிரிக்க வாயெடுத்து அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"திருப்பி வெக்கலியா மச்சான்?" என்றான் அன்பரசு.

"வெக்கல. மேல கூப்புட்டாங்க. போயிட்டேன்."

"நான் குதிச்சிக் குதிச்சி மிதிச்சிக்கினு இருந்தனே அங்க. நீ கட்டுனதாச்சேன்னு."

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டார். அன்பரசு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

அமிர்தம் கீழே உட்கார்ந்து அரிசியை அள்ள ஆரம்பித்தாள். கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் ஒவ்வொரு பிடியாக அள்ளித் தாம்பாளத்தில் போட்டாள். பாதி அள்ளினதும் கை நின்றது.

"கூட வந்தியேண்ணா" என்றாள்.

அவர் உருவின டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத்தினி வெள்ளிக்கெழமையும் கூட வந்தியே. கால்ல முள்ளு ஏறுனப்ப நீதான எடுத்த? கூடய வாங்கி மடியில வெச்சிக்கினியே. வாட்ச்மேன் கால்ல நான் உழுந்தப்ப பக்கத்துல நின்னு பாத்தியே. அப்பல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எந்திரிச்சிப் போ."

சுவருக்கு அந்தப் பக்கம் மாலதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை அமிர்தம் வீட்டுக் கதவு திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சந்து முனையிலிருக்கும் ரஃபியுதீனின் ஆட்டோ வந்து நின்றது. அமிர்தம் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ரஃபியுதீன் அன்பரசுவின் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். தனியாக முடியவில்லை.

"ஜாஸ்தி கனக்குறாருக்கா. கால் பக்கம் ஒரு ஆளு வேணும். பாய்ங்க யாரையாச்சும் கூப்புடவா?"

அமிர்தம் பக்கத்து வாசலைப் பார்த்தாள். மணவாளன் அங்கே நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்தே நின்றிருக்க வேண்டும், தோளெல்லாம் நனைந்திருந்தது. அவள் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வந்து காலைப் பிடித்தார். அன்பரசு கண்ணை மூடிக்கொண்டான்.

பெரிய ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் டெட்டால் வாசனையும் ஈரத்துணி வாசனையுமாக இருந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயசு. அன்பரசுவின் காலை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. கணுக்காலை அசைத்துப் பார்த்தாள். பழைய சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏம்மா, எவ்ளோ நாளாச்சு? ஏன் வரல? மூட்டெல்லாம் இறுகிப்போச்சு. அப்பவே வந்திருந்தா இவ்ளோ கஷ்டம் இல்ல."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"சரி. எதுவும் உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா இனிமே ஒரு நாள்கூட விடக் கூடாது. தெனம் காலையும் சாயந்திரமும் வீட்டுல யாராவது செய்யணும். வலு வேணும், உங்களால முடியாது. யாரு செய்வா?"

அமிர்தம் மணவாளன் பக்கம் கையைக் காட்டினாள். "இவரு செய்வாரு."

"இவரு உங்களுக்கு யாரு? கூடப் பொறந்தவரா?"

அமிர்தம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"சென்ட்ரிங் மேஸ்திரி" என்றாள்.

அந்தப் பெண் மேற்கொண்டு கேட்காமல் மணவாளனைக் கிட்டே வரச் சொன்னாள். ஒரு கையை முட்டிக்குக் கீழே கொடுக்க வேண்டும், இன்னொரு கையால் பாதத்தைத் தாங்க வேண்டும், அவசரப்படக் கூடாது, பாதி வழியில் கையை எடுக்கக் கூடாது என்று செய்து காட்டினாள். மணவாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். காலைத் தூக்கினார். கனமாக, சில்லென்றிருந்தது. மடக்கும்போது எலும்புக்குள் எங்கோ ஒரு சத்தம் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அந்தப் பெண். "விடாதீங்க. பிடிச்சுக்கினே இருங்க."

அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.